பிரிக்காமல் விட்ட பகுதி

ஜூலை 8, செவ்வாய்

கடையில் இன்று மூச்சு விட நேரமில்லை. லென்ஸ் வெட்டும் இயந்திரம் மதியத்துக்கு மேல் மக்கர் செய்தது. ஒரு பெரியவர் கண்ணாடி தொலைந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று வந்தார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருந்தது. நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர வாய் திறக்கவில்லை. தலையைச் சொறியப்போய் அவராகவே கண்டுபிடித்தார். அப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது.

வீட்டுக்கு வந்தால் இவர் ஜன்னலோரம் அதே நாற்காலியில்.

“சாப்பிட்டீங்களா?”

“இருக்கு.”

“கை வலிக்குதா?”

“இருக்கு.”

மார்ச்சில் பக்கவாதம் வந்த பிறகு இவரிடம் மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். ஆமாம் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை, கதவைத் திறக்கும்வரை வெளியிலிருந்து பேசிப் பேசியே அழாமல் பார்த்துக்கொண்ட மனிதர். அந்த வாய்.

மகளின் கம்ப்யூட்டரில் இடமில்லையாம். கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ வெட்டி ஒட்டுவது அவள் வேலை. அப்பாவுக்காக ஏப்ரலிலிருந்து இங்கே இருந்தபடியே செய்கிறாள். “வீட்ல பழைய ஹார்ட் டிஸ்க் ஏதாவது கிடக்காம்மா?” என்றாள். மொட்டை மாடியில் தேன்பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா ஏதோ பொருத்தி வைத்திருந்தாரே, அதில் ஒன்று பார்த்த ஞாபகம் என்றேன்.

ஜூலை 9, புதன்

டிஸ்க்கை எடுத்து வந்துவிட்டாள். உள்ளங்கை அகலம்தான். தேன்பெட்டிச் சுவரில் ஒரு மைக், அதிலிருந்து ஒரு வயர் சிறிய சர்க்யூட் பலகைக்கு, அங்கிருந்து இந்த டிஸ்க்குக்கு. வருஷத் தொடக்கத்தில் இவர் செய்து மாட்டியது. இவர் படுத்த பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பெட்டியில் தேனீக்கள் மட்டும் தம் பாட்டுக்கு இருக்கின்றன. பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்ததாம், இவள் பிடுங்கும்வரை.

“ஆனா ஒண்ணுமே பதியலம்மா. அப்பா மெஷின் வேலை செய்யலை போல” என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். நீளமாக ஒரு பட்டை, மேலே கருப்புக் கோடு. “மொத்த டிஸ்க்கும் அன்அலொகேட்டட்னு காட்டுது. அப்படின்னா இன்னும் யாருக்கும் ஒதுக்காத இடம். வெறும் மனை மாதிரி. கோடு போட்டுப் பிரிச்சாதான் உள்ள எதையும் வைக்க முடியும். அதுக்குப் பேருதான் பார்ட்டிஷன்.”

கால் பங்கைப் பிரித்துத் தன் வீடியோக்களை அதில் ஏற்றினாள். “மீதி உனக்கும்மா. எப்படிப் பிரிக்கணும்னு யோசிச்சுச் சொல்லு.”

எனக்கு எதற்கு அத்தனை இடம்? அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளாமல் நடந்த பாகப்பிரிவினை எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரம் இவரைப் பெரியப்பா கைகால் பயிற்சிக்குக் கூட்டிப்போயிருந்தார். பெரியப்பா என்றால் இவருடைய அண்ணன். மகள் கூப்பிடுவது என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜூலை 10, வியாழன்

இவர் இன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மகளின் மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

பெரியப்பா வந்தார். நல்ல மனிதர், தம்பிக்காக ஓடாய்த் தேய்கிறார். அதனால்தான் அவர் சொன்னதற்கு என்னால் பதில் பேச முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வைத்திருக்கிறாராம். நர்ஸ் கூடவே இருப்பார்களாம்.

“நீயும் எத்தனை நாள்மா கடைக்கும் வீட்டுக்கும் அல்லாடுவே? பொண்ணும் வேலையைப் பார்க்கணும். அவனுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். ஒண்ணும் புரியலையேம்மா. நாம பேசறது சுவத்துக்கிட்டப் பேசற மாதிரி.”

இவரை எதிரில் வைத்துக்கொண்டே பெரியப்பா இதைச் சொன்னார். இவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஊன்றுகோலை இழுத்து இழுத்து மகளின் மேஜைக்குப் போய், இடது கையை டிஸ்க்கின் மேல் பட்டென்று வைத்தார்.

“இருக்கு!”

“என்னப்பா வேணும்? தண்ணியா?”

“இருக்கு! இருக்கு!” மேஜையை அடித்தார். முகமெல்லாம் சிவந்துபோய்விட்டது.

பெரியப்பா எழுந்துபோய் இவரைத் தோளோடு அணைத்து உட்கார வைத்தார். கண் கலங்கியிருந்தார். “பார்த்தியாம்மா? இதைத்தான் சொல்றேன்” என்றார்.

இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். “இது தெளிவா, அது தெளிவா?” ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போடுகிறேன், அவர் எல்லாவற்றுக்கும் “தெரியுது” என்கிறார். ஆனால் ஒரு “தெரியுது” இழுத்து வருகிறது, ஒன்று சட்டென்று வருகிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் சொல்லை நான் கவனிப்பதில்லை. குரலைத்தான் கவனிப்பேன். அதை வைத்துத்தான் லென்ஸ் எழுதுவேன்.

கையில் லென்ஸோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டில் மட்டும் நான் ஏன் சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்? தண்ணீருக்கு வரும் இருக்கு வேறு. வலிக்கு வேறு. நேற்று மேஜையில் அடித்துச் சொன்னது, மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று இவர் சொல்வாரே, அந்தக் குரல்.

சாயங்காலம் வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை. டிஸ்க்கை எடுத்து இவர் மடியில் வைத்து முன்னால் குந்தினேன். “இதுக்குள்ள ஏதாவது இருக்கா?”

இவர் என்னையே பார்த்தார். கண்ணிலிருந்து கரகரவென்று வழிந்தது. “இருக்கு.” மெதுவாக. களைத்துப்போன குரலில்.

மகள் நம்பவில்லை. “அம்மா, நானே பார்த்தேன். காலியா இருந்தது.”

“காலின்னு யாரு சொன்னது?”

“கம்ப்யூட்டர்தான்.”

“கம்ப்யூட்டர் சொல்றதை நம்புவே, அப்பா சொல்றதை நம்ப மாட்டியா?”

கத்திவிட்டேன். அவளிடம் நான் கத்துவதே இல்லை. முகம் சுருங்கிப்போனவள், டிஸ்க்கை வாங்கிச் செருகினாள். ஏதோ ஒரு புரோகிராம் திறந்தாள். டிஸ்க்கின் எந்த மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே காட்டுமாம். புது டிஸ்க் என்றால் வரிவரியாகச் சுழியம்தான் வர வேண்டும். பிரிக்காமல் விட்ட பகுதியை அவள் உருட்டினாள்.

ஒரு சுழியம்கூட வரிசையாக இல்லை. எண்கள். திரை நிறைய, உருட்ட உருட்ட, அடியே இல்லாமல் எண்கள்.

மகள் விரலை எடுத்துவிட்டாள். “அய்யோ” என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

முதல் வேலையாகத் தோழியிடம் இன்னொரு டிஸ்க் இரவல் வாங்கி, இதை அப்படியே நகல் எடுக்க விட்டிருக்கிறாள். அது முடியும்வரை யாரும் மேஜைப் பக்கம் தும்மக்கூடக் கூடாதாம்.

எனக்குப் புரிகிறாற்போல் சொல்லச் சொன்னேன். சாதாரணமாக டிஸ்க்கில் முதலில் ஒரு அட்டவணை இருக்கும், எது எங்கே என்று. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் உள்ளே போகும். அப்பாவின் பலகை அட்டவணையே போடவில்லை. முதல் நொடியின் சத்தம் முதல் இடத்தில், அடுத்த நொடி அடுத்த இடத்தில், அப்படியே எழுதிக்கொண்டே போயிருக்கிறது. மாடியில் கரண்ட் போய்ப் போய் வரும். அட்டவணை எழுதும்போது போனால் எல்லாமே குழம்பிவிடும், அதனால் வேண்டுமென்றேதான் விட்டிருப்பார் என்கிறாள். அட்டவணை இல்லையா, கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது: காலி, ஒதுக்கப்படாதது.

காலி! ஒருவர் ராப்பகலாக நிரப்பிய இடத்தைப் பார்த்து.

“அப்பா மாதிரியே இல்லம்மா இந்த டிஸ்க்?” என்றாள்.

“அப்பா டிஸ்க் இல்லடி. அப்பா அப்பாதான்” என்றேன்.

ஜூலை 16, புதன்

நகலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தான் வீடியோவுக்குச் சத்தம் சேர்க்கும் புரோகிராமில் போட்டாள். இது எந்த வகைச் சத்தம் என்று தெரியாமல் திறந்தால் காது கிழிகிறது. கண்ணாடித் துண்டை இயந்திரத்தில் கோணலாகக் கொடுத்ததுபோல் ஒரு கிறீச். அளவை மாற்றினாள், இன்னொரு கிறீச். மாற்றினாள். நான் கடையில் செய்வதேதான்: இது தெளிவா, அது தெளிவா?

பிறகு ஒன்றில் கிறீச் போய்விட்டது.

ம்ம்ம்ம்ம்ம்ம்.

இதை எப்படி எழுதுவது? மாடியில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், அது ஈ மொய்க்கிற சத்தம் மாதிரிதான். இது உள்ளேயிருந்து. சத்தம் நம்மைச் சுற்றிச் சுவர்போல் எழும்புகிறது. ஆயிரக்கணக்கான உடம்புகள் இருட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது கேட்கிறது. கிட்டத்தில் குட்டிக் கால்கள் மைக்கின் மேல் நடக்கின்றன, சுர்சுர்சுரென்று. ஒன்று இறக்கையை உதறிவிட்டுப் போகிறது. எங்கள் தலைக்கு மேல், நான் துணி காயப்போடும் இடத்தில், இவ்வளவு பெரிய ஊர்.

ஸ்பீக்கரின் மேல் கை வைத்தேன். அதிர்ந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன், என்னவோ கேட்காமல் தொட்டுவிட்டதுபோல்.

இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மார்ச்சுக்குப் பிறகு இவர் முகம் தளர்ந்து பார்த்தது இன்றுதான்.

ஜூலை 17, வியாழன்

மகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். தன் வீடியோவை ஏற்றிய இடத்தில் ஜனவரி முழுதும், பிப்ரவரியில் ஒரு பகுதியும் போய்விட்டன. மேலே எழுதியாயிற்று, திரும்பாது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து ஒரே அழுகை. இவர் இடது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுபடி மறுபடி “இருக்கு, இருக்கு” என்றார். மிச்சம் இருக்கிறதே என்றுதான். இப்போது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் அடுப்படியில் இருந்தேன். முன்னறையிலிருந்து மகள் “அம்மா!” என்று அலறினாள். ஓடினேன். ஸ்பீக்கரில் தேனீ இரைச்சலுக்கு நடுவே மரமூடி நகரும் சத்தம். அப்புறம், தெளிவாக, இவர் குரல்:

“நகரும்மா, நகரு. விரலுக்குக் கீழ வராதே. அடடா, ஓவர்லோடு ஆயிடுச்சு பாரு. ஒரு நாலு பேர் இறங்குங்க, அப்பதான் கதவு மூடும்.”

தேனீக்களிடம் லிஃப்ட் ஜோக்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையாகிவிட்டது. மகள் அதையே திரும்பத் திரும்பப் போட்டாள். அந்தக் குரலை மறந்தேபோயிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு இருக்குமே. அது.

இவர்? இவர் ஏதோ அடுத்த வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு இடது கையை வீசினார். போதும், போ, தள்ளு.

“என்னப்பா, உங்க குரல்ப்பா!”

“இருக்கு” என்றார் எரிச்சலாக. அது இருக்கட்டும் என்று அர்த்தம். எழுந்தார். ஊன்றுகோலோடு சுவரில் மாட்டிய காலண்டரிடம் போனார். ஜூலைத் தாளைத் தூக்கினார், அது நழுவியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளாகப் பின்னால் தள்ளச் சொல்லித் தலையாட்டினார். மார்ச். விரல் கட்டம் கட்டமாக இறங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நின்றது.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். இவர் விழுந்த நாள்.

“வேண்டாம்ப்பா” என்றாள் மகள். “அதைக் கேட்க வேண்டாம்.”

இவர் விரலை எடுக்கவில்லை. அதே தேதியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் புரியாத மனிதராம்!

மகள் உட்கார்ந்தாள். டிஸ்க்கில் கடைசி நொடி அவள் வயரைப் பிடுங்கிய நொடி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்த நாளையும் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். கரண்ட் போன நேரங்களால் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த நாள் எங்கே விழுகிறது என்று பார்த்தால் — அவள் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம். பிரிக்காமல் விட்ட பகுதியில்.

முதல் தடவை மழைச் சத்தம்தான் கிடைத்தது. இன்னும் தள்ளினாள். இரைச்சல். காக்கை. மீண்டும் இரைச்சல். இவர் கையை உயர்த்தினார். நில்.

அப்போது கேட்டோம்.

எங்கோ ஒரு குழந்தை ஊதலை ஊதுவதுபோல். நீளமாக ஒன்று. தொடர்ந்து குட்டி குட்டியாக நாலைந்து. டூ—ட், டூட், டூட், டூட். அத்தனை ஆயிரம் தேனீக்களும் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இரைச்சல் சட்டென்று தணிந்தது. அந்த அமைதிக்குள் வேறொரு இடத்திலிருந்து பதில் வந்தது. கட்டைக் குரல். கதவு சாத்திய அறைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல். குவ்வா, குவ்வா, குவ்வா. இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று. மறுபடி அந்த ஊதல்.

பேசிக்கொள்கின்றன. சத்தியமாகப் பேசிக்கொள்கின்றன.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேனீக்களைக் கேட்கவில்லை, நான் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டியா, கேட்டியா என்று முகம் முழுக்க. பிறகு இவர் வாயைத் திறந்து, அந்த ஊதல் எந்தச் சுருதியோ அதே சுருதியில், டூ—— என்று இழுத்தார். இம்மிகூடப் பிசகவில்லை.

அதற்கப்புறம் பதிவில் காலடி. வேகமாக. மாடிக் கதவு படீரென்று அடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். மீதியெல்லாம் தேனீக்கள். கீழே எங்கள் உலகமே குடைசாய்ந்தபோது மேலே அவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

ஜூலை 21, திங்கள்

இதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் தாங்காது என்றிருந்தேன்.

அன்று நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டே கூப்பிட்டார்: “மேல வா, மேல வா, உனக்கு ஒண்ணு காட்டணும்.” நான் தலையைத் தூக்குவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்ன, என்ன என்று உலுக்குகிறேன். “இருக்கு” என்றார். அதுதான் முதல் இருக்கு.

என்ன காட்ட வந்தார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யோசித்திருக்கிறேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

மகள் படித்துப் பார்த்துச் சொன்னாள். ஊதுவது புதிதாக வெளியே வந்த ராணி. நான் வந்துவிட்டேன் என்று அறிவிக்கிறாள். பதில் சொல்கிறவர்கள் இன்னும் பிறக்காத ராணிகள். மெழுகு அறைக்குள் மூடிக்கிடப்பவர்கள். வேலைக்காரத் தேனீக்கள் அவர்களை வெளியே வரவிடாமல் அடைத்து வைத்து, ஒரு கீறல் வழியாகச் சோறு ஊட்டுமாம். வெளிச்சமே பார்க்காதவள் உள்ளேயிருந்து, நானும் இருக்கிறேன் என்கிறாள்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் படியில் ஓடி வராமல் என்ன செய்வான்? ஓடி வந்தது என்னிடம் சொல்ல. நாலு மாதம் அந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில் சொல்லியும் விட்டார். நேற்று, காலை பத்தரைக்கு. நான் கேட்டுவிட்டேன்.

கடையில் இன்று எல்லாக் கண்ணாடியையும் இரண்டு தடவை துடைத்தேனாம். முதலாளி கேட்டார், “என்னம்மா, லாட்டரி விழுந்துதா?”

ஜூலை 27, ஞாயிறு

பெரியப்பா வந்தார். இல்லத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார். இவரே அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஹெட்போனை எடுத்து அண்ணன் தலையில் கோணலாக மாட்டினார். மகள் ஓட விட்டாள்.

பெரியப்பா முதலில், சரி பாவம், கேட்டு வைப்போம் என்ற முகத்தோடுதான் உட்கார்ந்தார். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தார். இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டார்.

“என்னடா இது?”

இவர் காலண்டரிடம் போய், தாள்களைத் தள்ளி, தேதியைக் காட்டினார். மாடியைக் காட்டினார். தன் காதைக் காட்டினார். படியைக் காட்டினார். என்னைக் காட்டினார். விழுந்ததைக் கையால் ஒரு சரிவு சரித்துக் காட்டினார். ஒரு சொல்கூட இல்லை, ஒன்று விடாமல் சொன்னார்.

பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நாலு மாசமா உன் முன்னாடியே உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தேனேடா” என்றார்.

இவர் இடது கையால் அண்ணன் தோளில் ஒரு குத்து விட்டார். “இருக்கு” என்றார், சிரித்துக்கொண்டே. அந்த இருக்கு எனக்குப் புதிது. பரவாயில்லை, விடு.

போகும்போது பெரியப்பா இல்லத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. செருப்பை மாட்டிவிட்டு, பிறகு கழற்றிவிட்டு, மாடி ஏறிப்போய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆகஸ்ட் 6, புதன்

இவருக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணைப் பேச்சு டீச்சர் என்போம். ராணியின் சுருதியை இவர் பிடித்ததைப் போன வாரமே சொல்லியிருந்தேன். துள்ளிக்குதித்தாள். பேச்சு வராதவர்களுக்கும் ராகம் வரும், அது மூளையில் வேறு பக்கம் என்றாள். “இதை ஏன் முன்னாடியே சொல்லலை?” முன்னாடி எங்களுக்கு எங்கே தெரியும்?

இன்று அதே சுருதியில் ஊதலை ஊத வைத்தாள். டூ——. பிறகு அதே இழுப்பில் அவள் ஒரு எழுத்தைச் சேர்த்தாள். வா——. இவர் வாயைப் பார்த்துக்கொண்டே மறுபடி இழுத்தாள். வா——. இவர் இழுத்தார். டூ——. வியர்த்துவிட்டது. நான் கதவருகே நின்றேன்.

வா——.

வந்துவிட்டது. பாட்டாகத்தான், நீளமாகத்தான். ஆனால் வந்தது. என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தது.

போனேன். பின்னே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புது டிஸ்க் வாங்கியாயிற்று. பழையதை இனி யாரும் தொடக் கூடாது என்று துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம். மைக் மறுபடி பெட்டிச் சுவரில். மகள் அடுத்த வாரம் தன் ஊருக்குக் கிளம்புகிறாள். போகுமுன் இதைப் பிரித்துத் தருகிறேன் என்று பட்டையைத் திரையில் போட்டாள். “அப்பா, எவ்வளவு தேனீக்கு, எவ்வளவு அம்மாவுக்கு?”

இவர் மௌஸை வாங்கி இடது கையால் கோட்டை இழுத்தார். முக்கால்வாசி தேனீக்களுக்கு. எனக்குக் கொசுறு. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“என்னங்க, கட்டின பொண்டாட்டிக்கு இவ்வளவுதானா?”

கோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நெருக்கினார். திமிர்! முழுத் திமிரும் திரும்பி வந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

மகள் போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது. பகலில் இவர் தனியாகத்தான். பெரியப்பா மத்தியானம் ஒரு நடை வந்து போகிறார்.

இன்று கடையில் மழை காரணமாக ஆளே இல்லை. போனை எடுத்தேன். மார்ச்சுக்குப் பிறகு நான் பகலில் வீட்டுக்குப் போன் செய்ததில்லை. யார் எடுத்து என்ன பேசுவது என்று. இன்று என்னவோ தோன்றியது. அடித்தேன். ரொம்ப நேரம் மணி போனது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்.

“என்னங்க, நான்தான்.”

மூச்சு கேட்டது. படியில் ஏறுகிற மூச்சு. ஊன்றுகோல் ஒவ்வொரு படியாகத் தட்டுவது கேட்டது. மாடிக் கதவு. அங்கேயும் மழைதான். போனைப் பெட்டியிடம் கொண்டுபோய் வைத்தார் போலிருக்கிறது. மழைக்கு அடியில் அந்த இரைச்சல், எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிற இரைச்சல்.

போனைக் கடை வாசல் பக்கம் நீட்டினேன், எங்கள் கடைத்தெரு மழை இவருக்குக் கேட்கட்டும் என்று. அங்கே இவர் சிரித்தார்.

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “யாரும்மா லைன்ல? சத்தத்தையே காணோம்?”

“வீட்டுக்காரர்” என்றேன். “பேசிக்கிட்டிருக்கோம்.”